டைமிங் பெல்ட்டின் இழுவிசை: பழைய மாருதி எஞ்சின்களில் அதைச் சரியாக வைக்கும் முறை

எஞ்சினின் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைத்து ஓட்டும் பல் வைத்த பட்டையே டைமிங் பெல்ட். அதை மாற்றுவதைப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாக இருக்கும். புதிய பெல்ட்டை மாட்டியதும் மெக்கானிக் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவரை டென்ஷனருக்கு, அதாவது பெல்ட்டை அழுத்தி இறுக்கும் சிறு சக்கரத்துக்குப் பின்னால் நுழைத்து நெம்பிப் பிடித்துக்கொள்வார். உதவியாளர் போல்ட்டை முறுக்குவார். பிறகு இருவரும் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்து, விண்ணென்று நிற்கிறது என்று திருப்தியடைவார்கள். மாருதி 800, ஆம்னி, ஜென், எஸ்டீம், ஜிப்ஸி ஆகிய வண்டிகளில் வந்த சுஸுகியின் எஃப் வரிசை, ஜி வரிசை எஞ்சின்களைப் பொறுத்தவரை இந்த முறை தவறானது. இந்த எஞ்சின்களில் பெல்ட்டுக்கு எவ்வளவு இழுவிசை வேண்டும் என்பதை டென்ஷனரோடு இணைந்த ஒரு சிறிய ஸ்பிரிங்கே தீர்மானிக்கிறது. அந்த ஸ்பிரிங் தன் வேலையைச் செய்வதற்குக் குறுக்கே நிற்பவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அது கொண்டுபோய் நிறுத்திய இடத்திலேயே டென்ஷனரைப் பூட்டிவிடுவது மட்டும்தான் நம் வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு நோக்கத்துக்காகவே இருக்கிறது.

1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800இன் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது என்றாலும், அந்த வண்டிகளும் அவற்றின் உறவினர்களும் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. பின்னால் வந்த கே வரிசை எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதால் இந்தக் குறிப்பு அவற்றுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டியில் இருப்பது எது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இழுவிசை எதற்காக

ஃபேன் பெல்ட்டை இறுக்கிப் பழகியவர்களே டைமிங் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடுகிறார்கள். ஃபேன் பெல்ட் உராய்வினால் புல்லியைப் பற்றிச் சுழற்றுவது. தொய்ந்தால் அது வழுக்கும் என்பதால் அதற்கு நல்ல இறுக்கம் வேண்டும். டைமிங் பெல்ட்டோ பற்களால் ஓடுவது. அதன் உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகள் ரப்பரைப் போல நீளமாட்டா. அதற்குத் தேவையான இழுவிசை, பற்கள் சக்கரத்தின் பள்ளங்களில் முழுவதுமாகப் படிந்திருக்கும் அளவுக்குத்தான். ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962இல் தன் 1004 காரில் இவ்வகைப் பல்பட்டையைக் கொண்டுவந்ததிலிருந்து சங்கிலியின் சத்தமும் எண்ணெய்த் தேவையும் குறைந்தன. ஆனால் எண்ணெயில் ஊறி ஓடும் சங்கிலி பொறுத்துக்கொள்ளும் பல தவறுகளைப் பெல்ட் பொறுத்துக்கொள்ளாது.

இழுவிசை குறைந்தால், வேகத்தைத் திடீரென்று கூட்டும்போதும் குறைக்கும்போதும் தொய்ந்த பக்கம் அலைந்து மூடியில் உரசும். மேலும் குறைந்தால் பெல்ட் பல் தாண்டிவிடும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பல் தாண்டினாலே வால்வுகள் திறந்து மூடும் நேரம் கிராங்க் கணக்கில் 18 டிகிரி விலகிவிடும். கார்புரேட்டர் வைத்த மாருதி 800இல் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கேமிலிருந்தே சுழல்வதால் தீப்பொறி விழும் நேரமும் கூடவே விலகும். வண்டி இழுவை இழந்து, கிளப்புவதற்கே சிரமப்படுத்தும். பல பற்கள் தாண்டினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும் எஞ்சின்களும் உண்டு, இடிக்காதவையும் உண்டு. உங்கள் எஞ்சின் எந்த வகை என்பதைப் பிறர் வாய்மொழியை நம்பி முடிவுசெய்யாமல், எல்லாவற்றையும் இடிக்கும் வகையாகவே பாவித்து வேலை செய்வது நல்லது.

இழுவிசை கூடினால் உடனடியாக எதுவும் நடக்காது. அதுதான் ஆபத்து. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஒரு மெல்லிய ஊளைச்சத்தம் மட்டும் கேட்கும். டென்ஷனர் பேரிங்கும் கேமின் முன் ஆயில் சீலும் மெல்லத் தேயும். பெல்ட்டின் பற்கள் அடிவேரில் வெடிக்கத் தொடங்கும். நான் பழையதாக வாங்கிய ஓர் ஆம்னியில் அந்த ஊளைச்சத்தத்தை ஆல்டர்னேட்டர் பேரிங் என்று நினைத்து ஆல்டர்னேட்டரையே கழற்றிப் பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தபோது பெல்ட் வீணைத் தந்தியைப் போல நின்றது, டென்ஷனரின் ஸ்பிரிங்கையே காணவில்லை.

சூடும் இங்கே கணக்கில் வருகிறது. ஜிப்ஸியில் வந்த ஜி13 போல அலுமினியத்தால் ஆன எஞ்சினில் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால், 70 டிகிரி வெப்பம் ஏறும்போது அந்தத் தூரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடும். பெல்ட்டின் கண்ணாடி இழை அந்த அளவுக்கு நீளாது. டென்ஷனர் பூட்டப்பட்டுவிட்டதால் அது விட்டுக்கொடுக்கவும் செய்யாது. ஆகவே குளிர்ந்த எஞ்சினில் அளவாக இருக்கும் இழுவிசை ஓடிச் சூடேறிய எஞ்சினில் கூடித்தான் இருக்கும். தயாரிப்பாளர் இதைக் கணக்கிட்டே ஸ்பிரிங்கின் வலிமையைத் தீர்மானித்திருக்கிறார். சூடான எஞ்சினில் சரிசெய்தால் ஆறிய பிறகு பெல்ட் தொய்ந்துவிடும். எனவே இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் கிளப்புவதற்கு முன் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

சரிசெய்யத் தகுந்த பெல்ட்டா

மூடியைத் திறந்ததும் இழுவிசையைப் பார்ப்பதற்கு முன் பெல்ட்டையே பார்க்க வேண்டும். கிராங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பெல்ட்டின் முழுச் சுற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்வையிடுங்கள். முதுகுப்புறம் கண்ணாடி போலப் பளபளத்து, நகம் பதியாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தாலும், பல்லின் அடியில் வெடிப்பு தெரிந்தாலும், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தாலும், எண்ணெய் அல்லது கூலன்ட் பட்டு ஈரமாக இருந்தாலும் அந்தப் பெல்ட் போக வேண்டியதுதான். எண்ணெய் பட்டிருந்தால் கேம் சீல், கிராங்க் சீல் இவற்றில் எது கசிகிறது என்று கண்டுபிடித்து அதையும் மாற்றாவிட்டால் புதிய பெல்ட்டுக்கும் அதே கதிதான்.

டைமிங் பெல்ட்டைப் பொதுவாக 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. பெல்ட் அந்தக் காலத்தில் பாதியைத் தாண்டியிருந்தால், இழுவிசையைச் சரிசெய்வதற்காக இவ்வளவு பாகங்களைக் கழற்றிவிட்டுப் பழைய பெல்ட்டையே விட்டுவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெல்ட்டையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எப்போது மாற்றப்பட்டது என்றே தெரியாத பெல்ட்டுக்கும் இதுவே விதி.

தயாராதல்

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்க வேண்டியிருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டின் மேல் வண்டியை நிறுத்துங்கள். 10, 12, 14, 17 மில்லிமீட்டர் பாக்ஸ் ஸ்பேனர்கள், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பெட் திருகின் நட்டுக்கான ரிங் ஸ்பேனர், முறுக்குவிசையின் சிறிய அளவுகளைக் காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச், வெள்ளைப் பெயின்ட் பேனா ஆகியவை போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஏன் என்பது பின்னால் தெரியும்.

ஸ்பார்க் பிளக்குகள் அனைத்தையும் கழற்றிவிடுங்கள். பிளக் இருக்கும்போது கிராங்கைத் திருப்பினால் அழுத்தத்தில் முட்டி நின்று, பிறகு சட்டென்று துள்ளி ஓடும். அந்தத் துள்ளல் பெல்ட்டின் தொய்வை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிடும் என்பதால் நாம் செய்யும் வேலையையே அது கெடுக்கும். கழற்றிய துளைகளில் தூசி விழாமல் சுத்தமான துணியைச் செருகிவையுங்கள்.

அடுத்து ஃபேன் பெல்ட், தண்ணீர் பம்ப் புல்லி, கிராங்க் புல்லி ஆகியவற்றைக் கழற்றி, டைமிங் பெல்ட்டின் வெளி மூடியை எடுக்க வேண்டும். ஜி13இல் கிராங்க் புல்லி அதைச் சுற்றியுள்ள சிறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருப்பதால் நடு போல்ட்டைத் தளர்த்த வேண்டியதில்லை. அந்த நடு போல்ட்டையே பிடித்துக் கிராங்கைத் திருப்பலாம். மூடியின் சிறு போல்ட்டுகள் வெவ்வேறு நீளத்தில் இருக்கக்கூடும் என்பதால் எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் குத்திவைப்பது திரும்ப மாட்டும்போது உதவும்.

அடையாளங்கள்

கேம் பல்சக்கரத்தின் அடையாளம் பின்மூடியில் உள்ள வி வடிவக் குறிக்கு நேராகவும், கிராங்க் பல்சக்கரத்தில் குத்தப்பட்ட புள்ளி ஆயில் பம்ப் உறையில் உள்ள அம்புக்குறிக்கு நேராகவும் வரும்வரை கிராங்கை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதால், கிராங்க் புள்ளி நேராக வந்தும் கேம் அடையாளம் எதிர்ப்புறத்தில் நின்றால் கிராங்கை இன்னும் ஒரு முழுச்சுற்று திருப்ப வேண்டும். கிராங்க் பல்சக்கரத்தில் சாவிப்பள்ளம் தெரியும், வேறு சில கீறல்களும் தெரியும். அவற்றை டைமிங் புள்ளி என்று தவறாகக் கொள்வது இந்த எஞ்சின்களில் அடிக்கடி நேரும் பிழை. துடைத்துச் சுத்தம் செய்து, சரியான புள்ளியை உறுதிசெய்த பின் அதிலும் அம்பின் நுனியிலும் வெள்ளைப் பெயின்ட் வையுங்கள்.

திருப்புவதில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. எப்போதும் கிராங்கின் நடு போல்ட்டைப் பிடித்தே திருப்ப வேண்டும். கேம் போல்ட்டைப் பிடித்துத் திருப்பினால் விசை பெல்ட்டின் தவறான பக்கத்தில் ஏறும். பெல்ட் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாக மட்டுமே திருப்ப வேண்டும். அடையாளத்தைச் சற்றே தாண்டிவிட்டால் பின்னோக்கி இழுக்காமல், மேலும் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து நிறுத்த வேண்டும். கை சலிப்பது உண்மைதான், ஆனாலும் இதில் சலுகை கிடையாது. பழைய பெல்ட்டையே திரும்பப் போடுவதாக இருந்தால் அது ஓடிய திசையை முதுகில் அம்பாக வரைந்துகொள்ளுங்கள்.

டேப்பெட்டை ஏன் தளர்த்த வேண்டும்

பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் படி இதுதான். ஸ்பிரிங்தான் இழுவிசையைத் தீர்மானிக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டால் இதைத் தவிர்க்கவே முடியாது என்பதும் புரிந்துவிடும்.

அடையாளங்கள் நேராக நிற்கும்போதும் ஏதோ ஒரு வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கும். அந்த வால்வின் ஸ்பிரிங், ராக்கர் என்ற நெம்புகோல் வழியாகக் கேமின் முட்டை வடிவப் புடைப்பை அழுத்தி, கேமை ஏதாவது ஒரு பக்கமாகச் சுழற்றப் பார்க்கும். பெல்ட்டைக் கழற்றியதும் கேம் சில சமயம் தானாகத் துள்ளித் திரும்புவது இதனால்தான். வால்வு ஸ்பிரிங்கின் வலிமைக்கு முன் டென்ஷனரின் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுமே இல்லை. கேம் பெல்ட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, டென்ஷனரின் ஸ்பிரிங் தன் கணக்குப்படி பெல்ட்டைத் தள்ள முடியாது. கேம் ஒரு பக்கம் இழுத்தால் டென்ஷனர் கூடுதலாகப் பின்வாங்கும், மறுபக்கம் இழுத்தால் கூடுதலாக முன்னேறும். எந்த நிலையிலும் அது காட்டுவது பொய்யான இழுவிசையே.

ஆகவே ஹெட் கவரைக் கழற்றி, இன்டேக், எக்ஸாஸ்ட் ராக்கர்கள் அனைத்திலும் டேப்பெட் திருகுகளின் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகுகளை முழுவதுமாகப் பின்னே எடுத்துவிட வேண்டும். இப்போது எல்லா வால்வுகளும் மூடிக்கொள்ளும். கேம் எந்தப் பக்கமும் சாயாமல் கையளவு விசையிலேயே திரும்பும். இழுவிசையை வைத்து முடித்த பிறகு எல்லா டேப்பெட்களையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதால் வேலை ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடும். டேப்பெட் சரிசெய்யும் காலமும் வந்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள எஞ்சின்களில் இந்தப் படி கிடையாது. அங்கே அந்த எஞ்சினின் கையேடு சொல்வதைச் செய்ய வேண்டும்.

டென்ஷனரைப் பரிசோதித்தல்

டென்ஷனர் போல்ட்டையும் ஸ்டட்டையும் தளர்த்தி, ஸ்பிரிங்கைக் கழற்றி, டென்ஷனரை வெளியே எடுங்கள். சக்கரத்தைக் காதருகே பிடித்துச் சுற்றினால் சொரசொரப்போ சத்தமோ இருக்கக் கூடாது. கிரீஸ் உலர்ந்த பேரிங் சுற்றிவிட்டதும் நிற்காமல் சைக்கிள் சக்கரத்தைப் போலச் சுழன்றுகொண்டே இருக்கும். நல்ல பேரிங் கனமாகச் சுழன்று சீக்கிரம் நின்றுவிடும். பேரிங்கைக் கரைப்பான்களில் கழுவக் கூடாது, கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்து போய்விடும்.

ஸ்பிரிங்கைப் புதிய ஸ்பிரிங்கோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். நீளம் கூடியிருந்தாலோ, சுருள்களுக்கிடையே இடைவெளி தெரிந்தாலோ, துருவில் மெலிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். இது முழு வேலையிலும் விலை குறைந்த பாகம், இழுவிசையை முடிவு செய்யும் பாகமும் இதுதான். ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் உறை இருந்தால் அதையும் மறக்காமல் மாட்ட வேண்டும்.

டென்ஷனருக்குப் பின்னால் ஒரு தகடு உண்டு. அதன் நாக்கு டென்ஷனரின் துளையில் பொருந்தியிருக்க வேண்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் தகட்டை அசைக்கும்போது டென்ஷனரும் அதே திசையில் கூடவே நகரும். தகடு மட்டும் நகர்ந்து டென்ஷனர் நின்றுவிட்டால் நாக்கு துளைக்கு வெளியே இருக்கிறது என்று பொருள். அப்படியே மூடினால் ஸ்பிரிங் தகட்டைத்தான் இழுக்கும், பெல்ட்டைத் தொடவே தொடாது. பொருத்திப் பார்த்த பிறகு போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கிவையுங்கள். டென்ஷனர் தடையில்லாமல் நகர வேண்டும், ஆனால் ஆடக் கூடாது.

பெல்ட்டை மாட்டி ஸ்பிரிங்குக்கு வழிவிடுதல்

கிராங்க் வலஞ்சுழியாகச் சுழலும்போது, பெல்ட் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வலப்புறத்துப் பெல்ட் கீழ்நோக்கி இழுபடும். அது இழுபுறம். இடப்புறம், அதாவது டென்ஷனர் இருக்கும் பக்கம், தொய்வுப்புறம். எல்லாத் தொய்வும் டென்ஷனர் பக்கத்திலேயே சேர வேண்டும், இழுபுறத்தில் இம்மியளவும் இருக்கக் கூடாது.

நான்கு அடையாளங்களும் இரண்டிரண்டாக நேராக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, டென்ஷனர் தகட்டை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்தபடி, முதலில் கிராங்க் சக்கரத்திலும் பிறகு இழுபுறம் நேர்கோடாக நிற்குமாறு கேம் சக்கரத்திலும் பெல்ட்டை ஏற்றி, கடைசியில் டென்ஷனரின் மேல் படியவிடுங்கள். பெல்ட் ஏறவில்லை என்பதற்காக ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். உள்ளிருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரியாமலேயே முறிந்துவிடும். பெல்ட்டை விரல் மடங்கும் அளவுக்குச் சிறிய வளையமாக வளைப்பதும், உள்புறம் வெளியே வருமாறு புரட்டுவதும் அதே தீங்கைச் செய்யும்.

இப்போது ஸ்பிரிங்கையும் அதன் உறையையும் மாட்டி, ஸ்டட்டைக் கையால் முறுக்கிவையுங்கள். இந்த நொடியிலிருந்து டென்ஷனரைத் தொடக் கூடாது. கிராங்கின் நடு போல்ட்டைப் பிடித்து, நிதானமாக, எங்கும் நிறுத்தாமல், வலஞ்சுழியாக இரண்டு முழுச்சுற்றுத் திருப்புங்கள். இந்தச் சுற்றில்தான் பெல்ட்டின் ஒவ்வொரு பல்லும் பள்ளத்தில் அமர்ந்து, ஆங்காங்கே ஒளிந்திருந்த தொய்வு முழுவதும் இடப்புறத்துக்கு வந்துசேரும். ஸ்பிரிங் அதை வாங்கிக்கொண்டு டென்ஷனரை மெல்ல நகர்த்துவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நகரவில்லையென்றால் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா, தகட்டின் நாக்கு விலகிவிட்டதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். திருப்பும்போது எங்காவது முட்டினால் பலத்தைக் கூட்டாமல் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

இரண்டு சுற்று முடிந்து அடையாளங்கள் மறுபடி நேராக வந்து நிற்கும்போது, முதலில் ஸ்டட்டையும் அதன் பிறகே போல்ட்டையும் முறுக்க வேண்டும். போல்ட்டை முதலில் முறுக்கினால் அதன் தலை சுழலும்போது டென்ஷனரையும் சேர்த்துத் திருப்பப் பார்க்கும். ஸ்டட் முன்னமே தகட்டைப் பிடித்திருந்தால் அது நடக்காது. ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சினில் ஸ்டட்டுக்கு 9 முதல் 12 நியூட்டன் மீட்டரும், போல்ட்டுக்கு 24 முதல் 30 நியூட்டன் மீட்டரும் முறுக்குவிசை. மற்ற எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 11 நியூட்டன் மீட்டர் என்பது 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஐந்தரைக் கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். கைப்பழக்கத்தில் முறுக்குபவர் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு போட்டுவிடுவது சாதாரணம். அப்போது ஸ்டட்டின் மரை அலுமினியத்திலிருந்து உரிந்து வந்துவிடும். டார்க் ரெஞ்ச் வேண்டும் என்று முன்பே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சரிபார்த்தல்

பூட்டிய பிறகு மேலும் இரண்டு சுற்றுத் திருப்பி, கேம், கிராங்க் அடையாளங்கள் இரண்டும் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். புதிய பெல்ட்டின் முதுகிலும் நீங்கள் பெயின்ட்டால் குறிகள் வைத்திருந்தால் அவை இப்போது விலகி நிற்கும். பெல்ட்டின் பல் எண்ணிக்கையும் சக்கரங்களின் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் அந்தக் குறிகள் மறுபடி நேராக வருவதற்குப் பல சுற்றுகள் ஆகும். அதைக் கண்டு பல் தாண்டிவிட்டது என்று பயந்து திரும்பக் கழற்றியவர்கள் உண்டு. சக்கரங்களின் குறிகள் நேராக இருந்தால் போதும்.

நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெல்ட்டைப் பிடித்து முறுக்கினால் கால்வட்டம் வரை திரும்ப வேண்டும், அதற்கு மேல் திரும்பக் கூடாது என்று ஒரு பழைய பட்டறைக் கணக்கு இருக்கிறது. பெல்ட்டின் அகலத்துக்கும் நீளத்துக்கும் முறுக்குபவரின் விரல் வலிமைக்கும் ஏற்ப இது மாறும். பெரிய தவறு எதுவும் நடந்துவிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ள இது உதவும். இதைக்கொண்டு இழுவிசையை வைக்க முடியாது. விரலுக்குப் பெல்ட் தளர்வாகத் தோன்றினாலும், ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்து எல்லாப் படிகளும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தால், விரலை விட ஸ்பிரிங்கையே நம்புங்கள்.

சில நிறுவனங்கள் பெல்ட்டைச் சுண்டும்போது எழும் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸ் கணக்கில் கொடுத்திருக்கும். அதைக் கைப்பேசியின் ஒலிவாங்கியைக் கொண்டே அளக்கும் செயலிகளும் வந்துவிட்டன. இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அதிர்வெண் இரண்டு மடங்கானால் இழுவிசை நான்கு மடங்கு. வீணையில் அடுத்தடுத்த இரண்டு மெட்டுகளுக்கு இடையே உள்ள சுருதி வேறுபாடு இழுவிசையில் சுமார் 12 சதவீத வேறுபாட்டுக்குச் சமம் என்பதால், காதுக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் மாற்றமும் இங்கே பெரியதுதான். உங்கள் எஞ்சினுக்கென்று கொடுக்கப்படாத ஹெர்ட்ஸ் எண்ணை வேறு எஞ்சினிலிருந்து எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. பெல்ட்டின் எடையும் அளக்கும் பக்கத்தின் நீளமும் மாறினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

வேறு வகை டென்ஷனர்கள்

ஹோண்டாவின் பழைய டி வரிசை எஞ்சின்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. 1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் சிட்டியில் இருந்தது இந்த வரிசைதான். அவற்றிலும் ஸ்பிரிங்தான் இழுவிசையைத் தருகிறது, ஆனால் வழி வேறு. ஐந்தாறு சுற்றுத் திருப்பி முதல் சிலிண்டரை மேல்நிலைக்குக் கொண்டுவந்து, சரிசெய்யும் போல்ட்டை அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, கேம் சக்கரத்தில் மூன்று பல் நகரும் அளவுக்குக் கிராங்கை இடஞ்சுழியாகத் திருப்பி, அந்த நிலையிலேயே போல்ட்டைப் பூட்ட வேண்டும். அந்த மூன்று பல் நகர்வில் இழுபுறம் விறைத்து, தொய்வு முழுவதும் டென்ஷனரிடம் போய்ச்சேர்கிறது. மாருதிப் பழக்கத்தில் இந்த எஞ்சினை வலஞ்சுழியாகத் திருப்பினால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

ஃபோக்ஸ்வேகன் எஞ்சின்கள் பலவற்றில் உள்ள தானியங்கி டென்ஷனரில் ஒரு முள்ளும் ஒரு பள்ளமும் இருக்கும். முள் பள்ளத்துக்கு நேராக வரும்வரை நடுவிலுள்ள, மையம் விலகிய அச்சைத் திருப்பி நட்டைப் பூட்ட வேண்டும். ஹைட்ராலிக் டென்ஷனரில் சரிசெய்வதற்கு எதுவுமே கிடையாது. வெளியே வந்துவிட்ட தண்டை வைஸில் நேராக நிறுத்தி மெதுவாக அழுத்தி உள்ளே தள்ளி, துளையில் ஊசியைச் செருகி, மாட்டிய பின் ஊசியை உருவிவிடுவதுதான் முறை. வேகமாக அழுத்தினால் உள்ளிருக்கும் சீல் கெட்டுவிடும்.

மூடுவதும் கிளப்புவதும்

டேப்பெட் இடைவெளிகளைக் கையேட்டில் உள்ள குளிர்நிலை அளவுக்கு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து, பூட்டு நட்டுகளை முறுக்கிய பின் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள், ஏனென்றால் நட்டை முறுக்கும்போது திருகு சற்றே கூடத் திரும்பும். பிறகு ஹெட் கவர், டைமிங் மூடி, கிராங்க் புல்லி, தண்ணீர் பம்ப் புல்லி, ஃபேன் பெல்ட் என்ற வரிசையில் மாட்டுங்கள். மூடியின் ஓர ரப்பர் உடைந்திருந்தால் மாற்றுவது நல்லது. அந்த வழியே உள்ளே போகும் தூசியும் தண்ணீரும் பெல்ட்டின் ஆயுளைக் குறைக்கும். பிளக்குகளை மாட்டுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கையால் இரண்டு சுற்றுத் திருப்பிப் பாருங்கள்.

வண்டியைக் கிளப்பியதும் ஐட்லிங்கில் சில நிமிடம் ஓடவிட்டு மூடிப் பக்கம் காதைக் கொடுங்கள். டேப்பெட்டின் சீரான டக் டக் ஒலி இருக்கலாம். மூடியில் எதுவோ அடிப்பது போன்ற தாறுமாறான சத்தம் இருந்தால் பெல்ட் தொய்ந்திருக்கிறது, வேகம் ஏற ஏற ஊளைச்சத்தம் ஏறினால் பெல்ட் இறுகியிருக்கிறது. இரண்டில் எது கேட்டாலும் ஓட்டிப் பழகினால் போய்விடும் என்று விடாமல், எஞ்சினை நிறுத்தி மறுநாள் காலை ஆறிய பிறகு திறந்து பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், பெல்ட்டைக் கழற்றி மாட்டியதால் டைமிங் லைட் வைத்துத் தீப்பொறி நேரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். கடைசியாக, வேலை முடிந்த தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் மூடியின் மேலேயே ஒட்டிவையுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.